மெய்ப்பையும் நம் வீட்டுத் தையற்பொறியும்

முல்லைப்பாட்டில், பாசறையைக் காத்து நிற்கும் யவனரை நமக்குக் காட்டவந்த நப்பூதனார், அவர்தம் உடலை மூடியிருந்த ஆடைக்கு ‘மெய்ப்பை’ என்று பெயர் தந்தார். மெய்யை இட்டுவைக்கும் பை என்பது பொருள். கோட்டு என்னும் பிறமொழிச் சொல்லுக்கு நேராக நிறுத்தத்தக்க தமிழ்ச்சொல் சங்கப் பாடலிலேயே காத்திருக்கிறது. அச்சொல்லில் சிறிது நகையும் கலந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அளவு பொருந்தாத கோட்டினை அணிந்து ஒருவன் நம்முன் வந்து நின்றால், மெய் எங்கோ ஒடுங்கிக் கிடக்கப் பை மட்டுமே தோளில் தொங்கக் காண்கிறோம். அவ்வாறு தொங்கும் பழைய கோட்டினை, வீட்டிலுள்ள தையற்பொறியைக் கொண்டே இன்றைய உடலுக்கும் இன்றைய வழக்குக்கும் இயையத் திருத்திக்கொள்ளலாம் என்பதும், திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுமே ஈண்டு நாம் சொல்லவந்த கருத்து. தமிழ்த்துறை மலரில் தையற்கடைச் செய்தி எதற்கு என்று முகம் சுளிப்போர், சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரும் இடம்பெற்றிருப்பதை நினைவு கொள்வாராக. இளங்கோவடிகள் இடம் கொடுத்தவர்க்கு இம்மலரில் நான்கு பக்கம் கொடுப்பதால் குறைவொன்றும் நேராது.

மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையில் அமைந்த ஊர் அது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகியபோது, தமிழகத்து ஊர்கள் பலவற்றிலிருந்தும் இளைஞர்கள் கடல் கடந்தனர். அவ்வாறு சென்று மீண்டோர் இல்லாத தெரு நம் பகுதியில் அரிது. அவர்கள் கொணர்ந்த பெட்டிகளில் அத்தர் இருந்தது, வானொலிப் பெட்டி இருந்தது, போர்வை இருந்தது. சிலர் பெட்டியில் ஒரு கோட்டும் கால்சட்டையும் இருந்தன. நிக்காஹ்வுக்கென்று தைத்தவை சில. அங்குள்ள பழந்துணிக் கடையில் வாங்கியவை சில. வேலை கொடுத்தவர் தாம் அணிந்து கழித்ததை மனமுவந்து கொடுத்தவை சில. மூன்றாம் வகையைப் பற்றி வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை. எவ்வகையாயினும், அணிந்தது இருமுறையோ மும்முறையோதான். பின்னர் அவை பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டை மணத்தோடு அடங்கிவிட்டன. அத்தாவின் உடல் பருத்தது, மகனின் தோள் வேறாக வளர்ந்தது, வழக்கும் மாறியது.

இக்கோட்டுகளின் முடிவு என்னவென்று நாம் அறிவோம். பழைய துணிக்குப் பாத்திரம் தருவோர் தெருவில் வரும் ஒரு முற்பகலில், இரண்டு கோட்டும் நான்கு புடவையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கோ ஒரு எவர்சில்வர் தூக்குக்கோ ஈடாகப் போய்விடுகின்றன. மறுமாதமே அந்த வீட்டில் மணம் கூடுகிறது. மணமகனுக்குக் கோட்டு வேண்டும். கடன் வாங்கிப் பல்லாயிரம் ரூபாய்க்குப் புதிது தைப்பர். இயலாதோர் நகரத்துக் கடையில் ஒருநாள் வாடகைக்கு எடுப்பர். நமக்கு வியப்பளிப்பது இதுதான்: முன்பின் அறியாத எத்தனையோ மணமகன்கள் வியர்த்த வாடகைக் கோட்டை அணிவதில் எவருக்கும் கூச்சமில்லை, பெரியத்தா அணிந்து மடித்துவைத்த கோட்டைத் திருத்தி அணியச் சொன்னால் முகம் சிறுத்துவிடுகிறது. பிறர் அணிந்தது என்பதில் கூச்சம் இருந்தால் அது முதலாவதற்கு அல்லவா இருக்கவேண்டும்? ஆக, இக்கூச்சம் துணியைப் பற்றியதன்று. ஊரார் அறிந்துவிடுவர் என்பதைப் பற்றியது.

தைத்து ஒட்டிய ஆடையை வறுமையின் அடையாளமாகக் காண்பது நம் இலக்கியத்திலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச்சென்ற பொருநன், வேற்று நூல் நுழைந்த தையல்களோடு, ஈரும் பேனும் குடியிருந்த கந்தலை உடுத்திருந்தான். மன்னன் அதனைக் களையச் செய்து மெல்லிய நல்லாடை அளித்தான். கந்தலை எவரும் போற்றவேண்டா. ஆனால் கந்தல் வேறு, நல்ல துணியின் அளவைத் திருத்திக்கொள்வது வேறு. முன்னது கேடு, பின்னது கைத்திறன்.

மார்க்கத்தின் பக்கம் திரும்பினால் செய்தி இன்னும் தெளிவாகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மதீனாவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோதே உமர் (ரலி) அவர்களின் ஆடையில் இரு தோள்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருக்கக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. முதன்முதல் ஆடை தைத்தவர் இத்ரீஸ் (அலை) அவர்கள் என்பது நம் மரபுச் செய்தி. இவையெல்லாம் வெள்ளிக்கிழமை மேடைகளில் நாம் பன்முறை கேட்டவை. கேட்டுவிட்டு வெளியில் வந்து, மகனுடைய நிக்காஹ்வுக்கு எந்த நகரத்தில் கோட்டுத் துணி எடுப்பது என்று பேசிக்கொண்டே நடப்பவர்களும் நாமே.

ஒரு செய்தியை மட்டும் சற்று நின்று நோக்குவோம். அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தபோது, தாம் அணிந்திருந்த கறைபட்ட பழைய ஆடையையே துவைத்து, அதனோடு வேறிரண்டு சேர்த்துத் தம்மைக் கஃபனிடுமாறு பணித்தார்கள். இது பழையதாயிற்றே என்று மகளார் கூறியபோது, புதியதற்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே உரியவர் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. புதிய துணி யாருக்குப் போகவேண்டும், பழைய துணி யாருக்குப் போதும் என்று அந்நேரத்திலும் எண்ணிப்பார்த்த மனம் அது. புத்தாடை அணிபவர் இறைவனைப் புகழ்ந்து, களைந்த பழைய ஆடையைத் தருமம் செய்வதன் சிறப்பைக் கூறும் நபிமொழியும் திர்மிதியில் உண்டு. கொடுப்பவருக்கு அது நன்மை என்றால், வாங்கி அணிபவருக்கு மட்டும் எங்ஙனம் இழிவாகும்? கொடுக்கும் கைக்குச் சிறப்பும் வாங்கும் கைக்குச் சிறுமையும் வைத்துக்கொண்டால் தருமம் என்பதே ஒருவரைத் தாழ்த்தும் வினையாகிவிடும்.

‘கோட்டே நம் மண்ணுக்கு ஏற்றதன்று, அதைத் திருத்துவது எதற்கு, துறப்பதே முறை’ என்போர் உண்டு. காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறியதை அவர்கள் சான்று காட்டுவர். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலை அறிந்த எவரும் அவர்களோடு வழக்காட மாட்டார். குறிஞ்சிப்பாடிக் கைலியும் வெள்ளைச் சட்டையுமே இம்மண்ணுக்கு இதமான உடை. எனினும் இலண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கோட்டு அணிந்து பழகியவருக்கு அதைத் துறப்பது ஓர் அறம். ஒருபோதும் அணிய விடப்படாதவர்க்கோ அணிவதே அறமாகலாம். அண்ணல் அம்பேத்கர் பொதுமேடைகளில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகவே தோன்றியதன் பொருளை இந்நாட்டின் எளிய மக்கள் உடனே உணர்ந்துகொண்டனர். அவர் சிலைகளுள் பெரும்பாலானவை இன்றும் கோட்டு அணிந்தே நிற்கின்றன.

நம் மாணவர்க்கும் கோட்டு ஓர் ஆடம்பரமாக மட்டும் இல்லை. இறுதியாண்டில் நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைக்கின்றன. ‘முறையான உடையில் வருக’ என்று ஓலை அனுப்புகின்றன. பட்டமேற்படிப்புக்கோ வேலைக்கோ குளிர்நாடு செல்வோர்க்குக் கம்பளிக் கோட்டு உடலைக் காக்கும் பொருள். கோட்டு இல்லை என்ற ஒரே காரணத்தால் நேர்காணலுக்குப் பெயர் கொடுக்காமல் பின்வரிசையில் அமர்ந்துவிட்ட மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். கேட்டால் வேறு காரணம் சொல்வர். அதே ஆண்டில் இன்னொரு மாணவர் கருநீலக் கோட்டு ஒன்றில் வந்து நின்றார். அது அவருடைய பெரியத்தா குவைத்திலிருந்து கொணர்ந்தது என்றும், அம்மா நான்கு இரவுகள் உட்கார்ந்து பிடித்துத் தைத்தது என்றும் வேலை கிடைத்த பிறகே நம்மிடம் சொன்னார். முன்னரே சொல்லியிருந்தால் பின்வரிசையினர் சிலரேனும் தத்தம் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்திருப்பர்.

உலகம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதையும் சிறிது காண்போம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 வரை துணிப் பங்கீடு இருந்தது. பழையதைத் திருத்தி உடுத்துவது எப்படி என்று 1943-இல் அரசே கையேடு வெளியிட்டது. போருக்குச் சென்ற கணவரின் கோட்டைப் பிரித்துப் பெண்கள் தமக்கு உடை தைத்துக்கொண்டனர். அந்நாட்டு மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்த காலத்தில் 1984-இல் தைத்த கோட்டையே 2018-இல் தம் இளைய மகனின் திருமணத்துக்கும் அணிந்து வந்தார். ஒட்டுப்போட்ட மேலாடையோடும் அவரைப் படங்களில் காணலாம். மன்னர் ஒட்டுப்போட்டால் எளிமை என்றும், மங்கலம்பேட்டை மாணவர் ஒட்டுப்போட்டால் இல்லாமை என்றும் சொல்லும் நாவை என்னென்பது?

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அக்ரா நகரத்துக் காந்தமாந்தோ சந்தை பழைய மேனாட்டு ஆடைகளுக்குப் பேர்போனது. அங்கு அவ்வாடைகளுக்கு வழங்கும் பெயருக்கு ‘இறந்த வெள்ளையரின் உடை’ என்று பொருள். உயிரோடிருப்பவர் இவ்வளவு நல்ல துணியைக் கழித்துவிடுவாரா என்ற ஐயத்தில் பிறந்த பெயராம். அச்சந்தையிலேயே தையற்காரர்கள் அமர்ந்து, அகன்ற உடைகளை உள்ளூர் உடலுக்குப் பிடித்துத் தருகின்றனர். 2025 ஜனவரித் தொடக்கத்தில் நேர்ந்த பெருந்தீயில் அச்சந்தையின் பெரும்பகுதி எரிந்தது. நம் நாட்டிலோ அணிந்த ஆடைகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டுக் கம்பளிக் கோட்டுகள் கந்தலாக வெட்டப்பட்டு அரியானாவின் பானிப்பட் நகருக்குச் சென்று, நூலாகத் திரிக்கப்பட்டுப் போர்வையாகின்றன. அதுவும் ஒரு பயனே. ஆயினும் கோட்டாகவே இன்னும் இருபதாண்டு வாழத்தக்க ஒன்றைக் கந்தலாக்கிப் போர்வை நெய்வதைவிட, இரண்டு தையலைப் பிரித்துத் திருத்துவது எளிது.

எளிது என்று சொல்லிவிட்டோம். எங்ஙனம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டோம். கோட்டுத் தையல் பெருங்கலை என்றும், பெருநகரத்துக் கைதேர்ந்தவர்க்கே கைவரும் என்றும் நம் பெண்கள் அஞ்சுகின்றனர். புதிதாக வெட்டித் தைப்பதற்கு அவ்வச்சம் தகும். திருத்துவதற்குத் தகாது. இரவிக்கை தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் அதன் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரித் தையல் போட்டுவைப்பாள்; உடல் பருத்தால் ஒரு வரியைப் பிரித்துவிடுவாள், இளைத்தால் ஒரு வரி பிடித்துத் தைப்பாள். பள்ளிச் சீருடைக் கால்சட்டையின் அடியை மடித்துத் தைத்து, ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரித்துவிட்டு மூன்றாண்டு ஓட்டியவர்கள் நம் தாய்மார். கோட்டைத் திருத்துவதும் அடிப்படையில் அதே வேலைதான். இடையில் உள்துணி ஒன்று குறுக்கிடுகிறது, அவ்வளவே. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால், சூளையில் வெந்து வந்த கோப்பையை மீண்டும் பிசைய முடியாது என்பார்கள். துணிக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரித்தால் மீண்டும் துணியே.

முதலில் கோட்டினைத் தேர்ந்து பார்க்க வேண்டும். எல்லாக் கோட்டும் திருத்தத்தக்கவை அல்ல. அணிந்துகொண்டு தோளைப் பார்க்க. தோள் தையல் நம் தோள் எலும்பின் முடிவில் வந்து நிற்குமாயின் மற்றவற்றையெல்லாம் சரிசெய்யலாம். தோள் ஒரு விரலுக்கு மேல் வெளியே துருத்தி நின்றால் அக்கோட்டை அகன்ற தோளுடைய வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதே அறிவுடைமை; கையைக் கழற்றித் தோளை வெட்டி மீண்டும் ஏற்றுவது வீட்டு வேலையன்று. பின்கழுத்தில் காலர் சட்டையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இடைவெளி விட்டு நின்றால் அதுவும் எளிதில் தீராத குறை. இரட்டைப் பொத்தான் வரிசைக் கோட்டை ஒற்றையாக்க முயலவேண்டா. மார்பு மடிப்பு அகலம் என்று அதைச் சிறுக்க முயன்று கோட்டையே கெடுத்தவர்கள் பலர்.

அடுத்து, துணி எதுவென்று தேர்தல். உள்விளிம்பிலிருந்து ஓரிழையை உருவித் தீயில் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் எழுந்து, எஞ்சியது விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கருமணியாகத் திரண்டால் பாலியஸ்டர். கம்பளியானால் அந்துப்பூச்சி தின்ற துளைகள் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். உள்துணியைப் பற்றி ஒரு சொல்: பளபளப்பாக இருப்பதனால் அது பட்டோ என்று நம் ஆண்கள் சிலர் தயங்குவதுண்டு. ஆடவர்க்குப் பட்டு விலக்கப்பட்டதையும், நான்கு விரல் அளவுவரை விலக்களிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். பெரும்பாலான கோட்டுகளில் இருப்பது ரேயானோ பாலியஸ்டரோதான். ஐயமிருப்பின் அதே தீச்சோதனை விடை சொல்லிவிடும்.

இனி வேலை. எந்தச் சட்டையின்மேல் அணியப்போகிறோமோ அந்தச் சட்டையோடு கோட்டை அணிந்து, பொத்தானைப் பூட்டி நிற்க, மற்றொருவர் பக்கவாட்டில் மிகுந்ததைப் பிடித்துக் குண்டூசி குத்த வேண்டும். தானே குத்திக்கொள்ள முயன்றால் ஒருபக்கம் கூடும், மறுபக்கம் குறையும். பக்கத் தையல் இரண்டிலும் முதுகு நடுத்தையலிலுமாக மொத்தம் இரண்டு, மிஞ்சினால் மூன்று அங்குலம் வரை உள்வாங்கலாம். அதற்குமேல் போனால் பைகள் முதுகுப்பக்கம் ஓடிவிடும். அடிவிளிம்பில் உள்துணியைப் பிரித்துக் கோட்டை உட்புறமாகத் திருப்பி, சுண்ணக்கட்டியால் கோடிட்டு, முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு அணிந்து பார்த்த பின்னரே பொறியில் கொடுக்க வேண்டும். ஓட்டுத்தையலை வீண்வேலை என்று தவிர்ப்பவர் பிற்பாடு இருமடங்கு பிரிக்க நேரும். வெளித்துணியை எவ்வளவு பிடித்தோமோ அதைவிடச் சிறிது குறைவாகவே உள்துணியைப் பிடிக்க வேண்டும். உள்துணி இறுகினால் வெளித்துணி சுருங்கிக் காட்டும். கோட்டுத் துணிக்குப் பொறியில் 14 அல்லது 16-ஆம் எண் ஊசி பொருந்தும். பழைய தையலைப் பிரிக்க அரைப் பிளேடைக் கையில் எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒருமுறை வழுக்கினால் துணி போயிற்று; சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிரிப்பூசியை வாங்கிக்கொள்வது மேல்.

கையின் நீளம் எளிய திருத்தம். சட்டையின் கைமுனை அரை அங்குலம் வெளியே தெரியுமாறு கோட்டுக் கையை உள்மடித்துத் தைக்கலாம். மணிக்கட்டுப் பொத்தான்களுக்கு உண்மையான காஜா வெட்டப்பட்டிருந்தால் மட்டும் அவ்விடத்தில் கைவைக்கலாகாது. கோட்டின் உயரத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைத்தால் பைக்கும் அடிவிளிம்புக்கும் இடையே உள்ள அளவு கெட்டுப் பார்ப்போர் கண்ணை உறுத்தும். 1980-களின் கோட்டுகளில் தோளில் தலையணைபோல் வைத்த பஞ்சுப் பட்டையைக் கைக்குழியில் உள்துணி பிரித்து எடுத்து, மெல்லியதாக்கி மீண்டும் வைக்கலாம். அறவே எடுத்துவிட்டால் தோள் சரிந்துவிடும்.

கால்சட்டை இன்னும் எளிது. பின்புற நடுத்தையலில் நல்ல தையற்காரர்கள் இரண்டு அங்குலம்வரை துணி விட்டிருப்பர். இடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதுவே போதும். தையலை விரித்து விடுமிடத்தில் பழைய தையற்கோடும், வெயில் படாத துணியின் ஆழ்ந்த நிறமும் தெரியக்கூடும். கோட்டு அதனை மறைத்துவிடும் என்பது ஆறுதல். பெல்பாட்டம் காலத்துக் கால்சட்டையின் இருபது அங்குல அடிச்சுற்றை உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாகப் பிடித்துக்கொண்டு வந்தால் நடுமடிப்பு நகராமல் நிற்கும். ஒருபுறம் மட்டும் பிடித்தால் கால் திருகிக்கொள்ளும். கணுக்காலுக்குக் கீழே ஆடை தாழலாகாது என்பதைப் பேணுவோர்க்கு, கடையில் வாங்கியதைவிட வீட்டில் மடித்துத் தைத்ததே அளவாக அமையும்.

தேய்ப்பதில் அவசரம் ஆகாது. கம்பளியின்மேல் இரும்புப் பெட்டி நேராகப் படக்கூடாது, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துண்டை மேலே விரித்து, அழுத்தி எடுக்க வேண்டும், முன்பின் இழுக்கலாகாது. கரிப்பெட்டியானால் ஒரு பொறி தெறித்தாலும் நான்கு இரவு உழைப்பும் ஓட்டையாகும். மார்புப் பகுதிக்குப் பசை கொண்டு உள்விறைப்புத் துணி ஒட்டிய கோட்டுகளில், நீரும் சூடும் மிகுந்தால் துணி கொப்புளித்துவிடும். கொப்புளித்ததைச் சீராக்குதல் அரிது.

எவ்வளவு இறுக்குவது என்பதே இளைஞரோடு நமக்கு வழக்கு வரும் இடம். இன்றைய வழக்கு என்றாலே மூச்சு முட்டப் பிடிப்பது என்று அவர்கள் எண்ணுகின்றனர். நாம் ஓர் அளவுகோல் சொல்வோம். ஓட்டுத்தையல் நிலையில் கோட்டும் கால்சட்டையும் அணிந்து, ஒருமுறை ருகூவு செய்க. ஒருமுறை சுஜூதுக்குச் செல்க. அத்தஹிய்யாத் இருப்பில் சற்று அமர்க. முதுகுத் தையல் முனகாமலும், முழங்காலில் துணி இறுகாமலும், பின்புறம் உடல் வடிவு காட்டாமலும் இருந்தால் அது சரியான அளவு. தொழுகைக்கு இடங்கொடாத உடையை அணிந்து நிக்காஹ் மேடையில் அமர்வதைவிடச் சட்டையோடு அமரலாம். தையற்கடைகளில் கோட்டை அணிவித்து நேராக நிற்கவைத்தே பார்க்கின்றனர். குனிந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லும் கடையை நாம் இன்னும் கண்டதில்லை.

இத்திறன் பரவ வழியுண்டு. சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையற்பொறித் திட்டத்தின் வழியே ஏழைப் பெண்கள் பலர் பொறி பெற்றுள்ளனர். அப்பொறிகளில் இரவிக்கையும் பாவாடையுமே ஓடுகின்றன. கோட்டுத் திருத்தம் ஓடினால் அவர்க்குக் கூடுதல் வருவாய். ஏழை மணமக்களுக்கு உதவும் ஜமாஅத்துகள், பீரோக்களில் உறங்கும் கோட்டுகளைக் கேட்டுப் பெற்று, அப்பெண்களிடம் கூலி கொடுத்துத் திருத்தி வைத்திருக்கலாம். கல்லூரி விடுதியில் ஒரு பொறியும் ஒரு நிலைக்கண்ணாடியும் ஒரு மூலையில் இருந்தால் நேர்காணல் மாதத்தில் எத்தனையோ பேருக்கு உதவும். கொடுப்போர்க்கும் ஒரு வேண்டுகோள்: அந்துப்பூச்சி தின்று முடித்த பிறகு கொடுக்க எண்ணாதீர். திருத்தத்தக்க நிலையில், துவைத்து, பொத்தான்கள் குறையாமல் கொடுங்கள். ‘இது யாருடையது’ என்ற பெயரைக் கோட்டோடு சேர்த்துக் கொடுக்காதீர்.

திருத்துவோர்க்கு எஞ்சிய குறிப்பொன்று. உள்ளே பிடித்துத் தைத்தபின் மிகுந்து நிற்கும் துணியை வெட்டி எறிய வேண்டா. ஓரம் பிரியாமல் கையால் சுற்றித் தைத்து அப்படியே உள்ளே விட்டுவிடுக. 2020-களில் கால்சட்டைகள் மீண்டும் அகலத் தொடங்கியிருக்கின்றன. இன்று இருபத்திரண்டு வயதில் ஒல்லியாக நிற்பவர் நாற்பதில் அவ்வாறே இரார். அவர் தம்பியும் அதே உடலோடு வளரப்போவதில்லை. அடுத்துப் பிரிக்கப்போகிறவருக்கு அந்த ஒன்றரை அங்குலம் வேண்டியிருக்கும்.